முன்ஷி அப்துல்லாவின் பணிவாழ்வு: பல்பணி எழுத்தர் ஒருவர் நூலாசிரியரான வரலாறு

முன்னுரை

அலுவலகங்களில் ஒருவகைப் பணியாளரை எக்காலத்தும் காண்கிறோம். அவர் கடிதம் வரைவார், கணக்குப் பார்ப்பார், மேலதிகாரிக்கும் வெளியாருக்கும் இடையே பேசி முடிப்பார், புதிதாக வந்தவருக்குக் கற்றும் கொடுப்பார். எல்லாப் பணியும் அவர் கைவழியே நடைபெறும். ஆயினும் 'இவர் இன்ன தொழிலில் வல்லவர்' என்று சுட்டும் பெயர் மட்டும் அவருக்கு அமைவதில்லை. அவரை அமர்த்திய அதிகாரி வேற்றூருக்குச் சென்றுவிட்டாலோ, அலுவலகமே கைமாறிவிட்டாலோ, தம் பணிவாழ்வுக்குப் புதிய திசையைத் தேட வேண்டிய நிலைக்கு அவர் ஆளாகிறார். மலாய்த் தீபகற்பத்தின் வரலாற்றில் இந்நிலையை எதிர்கொண்டு, அதைத் தம் கையாலேயே விரிவாக எழுதியும் வைத்தவர் முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர் (1796–1854).

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அப்துல்லா போற்றப்படுகிறார். ஆகவே அவரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கிய ஆய்வுகளாகவோ, காலனிய அரசியல் சார்ந்த திறனாய்வுகளாகவோ அமைந்துள்ளன. அவர் தமிழரா, அரபியரா, மலாய்க்காரரா என்னும் வினாவும் நம் கட்டுரைகளில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்துல்லாவின் வாழ்க்கையை ஓர் அலுவலகப் பணியாளரின் வாழ்க்கையாக இது நோக்குகிறது. நாற்பது வயதளவில் அவர் நூலாசிரியராக மாறியது, பழைய பணியை உதறிய மாற்றமா, அல்லது அப்பணியில் சிதறிக்கிடந்த திறன்கள் ஒன்றுகூடிய மாற்றமா என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

மலாக்காவும் பன்மொழிக் கல்வியும்

அப்துல்லா பிறந்த மலாக்கா, அவர் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1795ஆம் ஆண்டில், டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாகியது. 1818இல் மீண்டும் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் மறுபடியும் ஆங்கிலேயரிடம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் ஊரின் ஆட்சி மூன்று முறை கைமாறிய இச்சூழல் அலுவலக எழுத்தரைப் பெரிதும் பாதித்திருக்கும். கொடி மாறும்போது சந்தையில் மிளகு விற்பவரின் தொழில் மாறுவதில்லை. எழுத்தருக்கோ அலுவலக மொழியும் முத்திரையும் வணங்க வேண்டிய துரையும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. இத்தகைய ஊரில் ஒரே மொழியை, ஒரே தொழிலை நம்பியிருப்பது ஆபத்தானது என்பதை அங்கு வாழ்ந்த குடும்பங்கள் அறிந்திருந்தன.

அப்துல்லாவின் குடும்பம் அதற்கு நல்ல சான்றாகும். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே சமயக் கல்வி கற்பித்து, அவ்வூர்ப் பெண்ணை மணந்தவர். அவருடைய மக்களுள் ஒருவரான முகமது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்னும் பெண்ணை மணந்தார். இவர்களின் மகனே அப்துல்லாவின் தந்தை அப்துல் காதிர். இவர் உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்று வாணிகம் செய்திருக்கிறார். திருக்குர்ஆன் ஓதக் கற்பித்திருக்கிறார். மலாய் ஏடுகளைத் திரட்டும் பணியில் ஈடுபட்டிருக்கிறார். பிறருக்கு மனுக்களும் முறிகளும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வில்லியம் மார்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞருக்குத் தம் தந்தை மலாய் கற்பித்ததாகவும், அதற்கு அவர் நற்சான்றுக் கடிதம் ஒன்றைக் கொடுத்ததாகவும் அப்துல்லா குறிப்பிடுகிறார். நற்சான்றுக் கடிதம் என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. சங்கமோ பட்டயமோ பதவிப் பெயரோ இல்லாத பல்பணியாளருக்கு, ஒரு துரை எழுதித்தரும் தாளே சொத்தாக விளங்கியது.

மகனின் கல்வியும் இதே போக்கில் அமைந்தது. குர்ஆன் ஓதுதல், அரபு எழுத்து, மலாய் எழுத்து ஆகியவற்றைத் தந்தையே கண்டிப்புடன் கற்பித்தார். பிழை நேர்ந்தால் அடியும் விழுந்தது. அதன் பின்னர்த் தமிழ் கற்பதற்காக மகனை வேறோர் ஆசிரியரிடம் அனுப்பினார். இதற்கு அப்துல்லா கூறும் காரணம் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும். மலாக்காவில் வசதியும் மதிப்பும் உடைய குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்கிறார். கணக்கு வைப்பதற்கும், ஊரில் நிறைந்திருந்த இந்திய வணிகருடன் பேசுவதற்கும் அம்மொழி பயன்பட்டதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் தமிழ் பிழைப்புக்கு உதவும் மொழியாக இருந்தது என்பதற்கு, தமிழர் அல்லாதார்க்காக எழுதப்பட்ட ஒரு மலாய் நூல் தரும் சான்று இது. நம் பள்ளிகளில் தமிழின் பயன் குறித்து விவாதிக்கும்போது சங்க இலக்கியத்தை மேற்கோள் காட்டுகிறோம். மலாக்காவின் கணக்கேட்டையும் காட்டலாம்.

மலாக்காக் கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு இளம் வயதிலேயே குர்ஆன் கற்பித்தபோது, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி மொழியை அவர் கற்றுக்கொண்டார். 'முன்ஷி' என்னும் பட்டத்தையும் அவர்களே வழங்கினர். எழுத்தர், மொழி கற்பிப்பவர் என இரு பொருளும் தரும் சொல் அது. ஒரு குறிப்பிட்ட பதவியை அது சுட்டவில்லை. எழுத்தறிந்தவர், எந்த வேலைக்கும் அழைக்கத்தக்கவர் என்பதையே உணர்த்தியது. தந்தை வீட்டில் இல்லாத வேளையில் வந்த கப்பல் தலைவர் ஒருவருக்கு முறி எழுதிக் கொடுத்து, அதற்குக் கூலி பெற்ற நிகழ்ச்சியை அப்துல்லா பெருமையுடன் நினைவுகூர்கிறார். தொழில் அவரைத் தேடி வந்த முதல் நாள் அது.

ராபிள்ஸின் எழுத்தறை

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு நிகழவிருந்த ஜாவாப் படையெடுப்புக்கு முன்னேற்பாடு செய்வது அவர் பணி. மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும், ஏடுகளைப் படியெடுக்கவும் எழுத்தர் பலர் அவருக்குத் தேவைப்பட்டனர். பதினான்கு வயதளவில் அக்குழுவில் சேர்ந்த அப்துல்லாவே அவர்களுள் இளையவர்.

அவ்வெழுத்தறையைப் பற்றி அப்துல்லா தரும் செய்திகள் மிகுதி. ராபிள்ஸ் எவ்வாறு நாளைப் பகுத்து வேலை செய்தார், இரவில் எழுதியதைக் காலையில் எவ்வாறு மறுபடி பார்த்தார், ஏடுகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் எவ்வாறு திரட்டினார் என்பன நுணுக்கமாகக் கூறப்பட்டுள்ளன. முதலாளியின் பெருமையைப் பாடுவதாகவே இப்பகுதியைப் பலர் படித்துள்ளனர். புகழ்ச்சி இருப்பது உண்மைதான். ஆயினும் அதற்குள்ளே வேறொன்றும் உள்ளது. மேசையின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தர், மேலதிகாரி வேலை செய்யும் முறையையே ஒரு பாடமாகக் கற்கிறார். காண்பதைக் குறித்துக்கொள்வது, குறித்ததை ஒப்பிடுவது, ஒப்பிட்டதை ஒழுங்காக எழுதுவது என்னும் பழக்கங்கள் பிற்காலத்தில் அவர் நூல்களில் வெளிப்படுகின்றன.

1811இல் படை புறப்பட்டபோது ராபிள்ஸுடன் செல்ல அப்துல்லா விரும்பினார். தாய் இசையவில்லை. அதிகாரி போனார், எழுத்தறை கலைந்தது. இவ்வாறு நிகழ்வது அவர் வாழ்வில் முதல் முறை, கடைசி முறையன்று.

அச்சுக்கூடம்

அப்துல்லாவின் வாழ்வில் திசைமாற்றத்துக்கு வித்திட்ட இடம் அச்சுக்கூடம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1815ஆம் ஆண்டில் லண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் மலாக்காவுக்கு வந்தார். 1818இல் ஆங்கிலோ சீனக் கல்லூரி தோற்றுவிக்கப்பட்டது. இவர்களுக்கு அப்துல்லா மலாய் கற்பித்தார். மில்னிடம் ஆங்கிலம் கற்றார். அச்சுத் தொழிலாளராக 1817இல் வந்த வால்டர் மெட்ஹர்ஸ்ட் வழியே எழுத்துக் கோக்கும் வேலையும் அவருக்குப் பழக்கமாயிற்று. மகன் ஆங்கிலம் கற்பதும் பாதிரிமாரோடு பழகுவதும் சமய மாற்றத்தில் முடியும் என்று குடும்பத்தார் அஞ்சினர். 'பாதிரி அப்துல்லா' என்று ஊரார் ஏசினர். அவர் இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

இங்கு ஒரு முரண் கவனத்துக்குரியது. அப்துல்லா பெற்றிருந்த பயிற்சியின் உச்சம், அழகிய கையெழுத்தில் பிழையின்றிப் படியெடுப்பது. அச்சு இயந்திரமோ அந்தத் திறனைத் தேவையற்றதாக்கும் கருவி. ஒரு முறை கோத்த பக்கம் நூற்றுக்கணக்கில் வெளிவரும்போது, படியெடுக்கும் எழுத்தருக்கு என்ன வேலை? தம் பிழைப்பைப் பறிக்கக்கூடிய இயந்திரத்தின் அருகிலேயே அவர் சென்று நின்றார். அதை இயக்கவும் கற்றார். இதனை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று கூறுவதற்கில்லை. அழைத்த இடத்துக்குச் சென்று, கிடைத்ததைக் கற்பது பல்பணியாளரின் இயல்பு. ஆயினும் விளைவு பெரிது. படியெடுப்பவர் ஒருவர் சொல்வதை எழுதுவார். அச்சுக்கூடத்தில் இருப்பவரோ எதை அச்சிடுவது, எவ்வாறு திருத்துவது, யார் படிப்பார் என்னும் வினாக்களுக்கு நடுவே நிற்கிறார்.

விவிலிய மொழிபெயர்ப்பில் பாதிரியார் கிளாடியஸ் தாம்சனுடன் அப்துல்லாவுக்கு ஏற்பட்ட மோதல்கள் இதனை விளக்கும். தாம்சன் அவரிடம் மலாய் கற்றவர். எனினும் மலாய்த் தொடரமைப்பை ஐரோப்பிய மொழிகளின் வழியில் வளைத்து எழுத விரும்பினார். சொற்கள் மலாய்ச் சொற்களாக இருந்தும் நடை மலாய் நடையாக இல்லை என்று அப்துல்லா எடுத்துரைத்தார், தாம்சன் ஏற்கவில்லை. அச்சான நூலைப் படித்துப் பிழைக்குத் தம்மைப் பழித்தோரிடம், தாம் சொன்னதைக் கேட்கவில்லை என்று விளக்கம் கூற வேண்டியதாயிற்று. கூலிக்கு மொழித்துணை செய்பவரின் சிறுமை இங்கு வெளிப்படுகிறது. அறிவு அவருடையது, முடிவு பிறருடையது, பழி மட்டும் பொதுவானது. தம் பெயரில், தம் நடையில், ஒரு நூல் எழுத வேண்டும் என்னும் வேட்கை இத்தகைய மேசைகளில்தான் கருக்கொண்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரும் நற்சான்றுக் கடிதமும்

1819இல் சிங்கப்பூர் நிறுவப்பட்ட பின்னர், அப்துல்லாவின் பணிக்களம் படிப்படியாக அங்கு மாறியது. ராபிள்ஸுக்கு மீண்டும் கடிதங்கள் எழுதினார், வணிகருக்கு உதவினார், மலாய் கற்க விரும்பிய ஐரோப்பியருக்கு ஆசிரியரானார். 1823 ஜூன் மாதம் ராபிள்ஸ் சிங்கப்பூரை விட்டு நிரந்தரமாகப் பிரிந்தபோது அப்துல்லா கலங்கியதை அவரே உருக்கமாக எழுதியுள்ளார். பிரியும்போது ராபிள்ஸ் அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தார். தந்தைக்கு மார்ஸ்டன் தந்தது போன்ற தாள்தான் மகனுக்கும் கிடைத்தது. பல ஆண்டுப் பழக்கத்தின் முடிவில் கையில் எஞ்சியது அதுவே. ராபிள்ஸ் திரட்டிய மலாய் ஏடுகளோ, 1824 பிப்ரவரியில் 'பேம்' என்னும் கப்பல் தீப்பற்றியபோது அழிந்தன. தாமும் தம் கூட்டாளிகளும் எழுதியும் தேடியும் கொடுத்தவை ஒரே இரவில் சாம்பலானதை எண்ணி அப்துல்லா வருந்தினார். படி எடுக்காத ஏடு அழிந்தால் அழிந்ததுதான். அச்சேறிய நூலுக்கு அந்த அச்சம் இல்லை.

அக்காலத்தில் ராபிள்ஸைச் சார்ந்து வாழ்ந்த மற்றொரு தமிழர் தேர்ந்த திசை முற்றிலும் வேறானது. பினாங்கில் அரசுப் பணியில் இருந்த நாராயண பிள்ளை, 1819 மே மாதம் ராபிள்ஸுடன் 'இந்தியானா' கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தார். கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் பணியில் சில காலம் இருந்தார். பின்னர்ச் செங்கற்சூளை அமைத்தார். கட்டடக் குத்தகை எடுத்தார். துணி வாணிகத்தில் ஈடுபட்டார். 1822இல் கடை தீக்கிரையாகிக் கடனில் மூழ்கியும் மீண்டெழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பப்பட்டதில் அவர் பங்கு முதன்மையானது. அலுவலகத்தில் பெற்ற அறிமுகத்தை அவர் வாணிகமாக மாற்றிக்கொண்டார். ஊர் வளரும், வளரும் ஊருக்குச் செங்கல் வேண்டும் என்று கணித்தவருக்கு அது எளிய கணக்கு. அப்துல்லாவிடம் செங்கற்சூளை இல்லை. ஐந்து மொழிகள் இருந்தன. மொழியைச் சரக்காக்கும் வாணிகம் அப்போது சிங்கப்பூரில் தோன்றியிருக்கவில்லை.

ஆகவே பத்தாண்டுகளுக்கு மேல் அவர் துண்டுத் துண்டான பணிகளிலேயே காலம் கழித்தார். 1830ஆம் ஆண்டுத் தீ விபத்தைப் பற்றி 'சியாயிர்' வடிவில் ஒரு செய்யுள் நூல் எழுதினார். இது பழைய வடிவம், புதிய பொருள். நேற்று ஊரில் எரிந்த தெருவைப் பாடுவது, அரசரையும் வீரரையும் பாடிய மரபுக்குப் புதிது.

பஞ்சதந்திரம் முதல் கிளந்தான் வரை

1835இல் அப்துல்லா பஞ்சதந்திரத்தை மலாயில் பெயர்த்தார். 'ஹிக்காயாட் பஞ்ச தந்திரான்' எனப்படும் அந்நூல் தமிழ் மூலத்திலிருந்து செய்யப்பட்டது. தம்பி முத்து வீரபத்தர் என்னும் தமிழ் நண்பர் மூலத்தைப் படித்துப் பொருள் கொள்வதில் துணைபுரிந்தார். தமிழ் கற்றிருந்தும் இலக்கியத் தமிழுக்குத் துணை தேவைப்பட்டதும், அத்துணையை மறைக்காமல் பெயர் சுட்டியதும் நயமானவை. தாம்சனின் மேசையில் பெயரின்றி உழைத்தவர், தம் மேசையில் உழைத்தவரின் பெயரைக் காத்தார். தமிழ்–மலாய் இலக்கிய உறவின் வரலாற்றில் தம்பி முத்து வீரபத்தர் பெற வேண்டிய இடத்தை நாம் இன்னும் அளிக்கவில்லை.

அப்துல்லாவின் பணிவாழ்வில் இந்நூல் ஒரு திருப்பம். கணக்கு எழுதுவதற்காகக் கற்ற தமிழ், இப்போது நூல் செய்யப் பயன்பட்டது. அதுவரை தனித்தனியே கூலிக்குப் போன திறன்கள் முதன்முறையாக ஒரு பணியில் கூடின.

1838ஆம் ஆண்டுக் கிளந்தான் பயணம் அடுத்த படி. அங்கு நடந்த உள்நாட்டுப் போரினால் சிங்கப்பூர் வணிகரின் சரக்குகள் சிக்கிக்கொண்டன. ஆளுநரின் கடிதங்களைக் கிளந்தான் அரச குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கச் சென்ற குழுவில் மொழிபெயர்ப்பாளராக அப்துல்லா இடம்பெற்றார். இது கடிதம் கொண்டுசெல்லும் வேலை. பல்பணி எழுத்தருக்கு இயல்பான வேலை. ஆனால் திரும்பி வந்தவர் அதனை நூலாக்கினார். பஹாங், திரங்கானு, கிளந்தான் ஆகிய இடங்களில் கண்ட ஊர்நிலை, கூலியில்லாக் கட்டாய உழைப்பு, அரசர்களின் போக்கு, சந்தை, உணவு, பேச்சு வழக்கு யாவும் அதில் பதிவாகியுள்ளன. அதே ஆண்டில் சிங்கப்பூரில் ஜாவி, ரூமி என்னும் இரு எழுத்திலும் அது அச்சாயிற்று.

அந்நூலின் நடையை ஆராய்ந்தால் அதன் பிறப்பிடம் புலப்படும். புறப்பட்ட நாள், இறங்கிய துறை, சந்தித்தவர், அவர் சொன்னது, தாம் சொன்ன விடை, அதிலிருந்து எழும் கருத்து என்னும் வரிசை, பணிக்குச் சென்றவர் திரும்பி வந்து மேலிடத்துக்கு அளிக்கும் அறிக்கையின் வரிசையே ஆகும். அவ்வறிக்கையை ஆளுநருக்கு மட்டும் அளிக்காமல் படிக்கத் தெரிந்த எவருக்கும் அளித்ததுதான் புதுமை. மலாய் உரைநடை அரண்மனையை விட்டு வெளியேறியதற்கு மேலைநாட்டுச் செல்வாக்கைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். அலுவலக எழுத்தும் அதற்கு இணையான காரணம் என்று கூற இடமுண்டு.

'ஹிக்காயாட் அப்துல்லா'

சிங்கப்பூர் அச்சகம் 1834இல் அமெரிக்க மிஷனரிகளின் கைக்கு மாறியது. அவர்களுள் ஒருவரான ஆல்பிரட் நார்த், கிளந்தான் பயண நூலுக்கும் தன்வரலாறு எழுதுவதற்கும் ஊக்கமளித்தவர். இதனால் 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் தன்வரலாறு மிஷனரிகளின் தூண்டுதலால் மட்டுமே பிறந்தது என்று சிலர் முடிவு செய்கின்றனர். தூண்டியவர் ஒருவர் இருந்தார் என்பதை ஏற்கலாம். ஆனால் தூண்டப்பட்டோர் எல்லாரும் எழுதிவிடுவதில்லை. நார்த்திடம் மலாய் நடையோ, மலாக்காவின் நினைவோ, முப்பதாண்டு எழுத்தறைப் பயிற்சியோ இருக்கவில்லை.

1840 முதல் 1843 வரை எழுதப்பட்ட அந்நூல், 1849இல் பெஞ்சமின் கீஸ்பரியின் துணையுடன் கல்லச்சில் வெளிவந்தது. எழுத்துக் கோப்பு அச்சில் வெளிப்படாத கையெழுத்தின் அழகு கல்லச்சில் வெளிப்படும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மலாக்காக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, சிங்கப்பூர் ஆற்று முகத்தில் கண்டெடுக்கப்பட்ட கல்லெழுத்தை இந்துக்களும் சீனரும் தத்தம் எழுத்தென உரிமை கொண்டாடியும் ஒருவராலும் படிக்க இயலாமற் போனது, அமெரிக்கக் கப்பல் மருத்துவர் காட்டிய ஒளிப்படக் கருவி ஆகியவை அந்நூலில் இடம்பெற்றுள்ளன. அக்கல் 1843இல் உடைக்கப்பட்டது. அதைக் கண்ணால் கண்டு மலாயில் எழுதியவர் என்னும் சிறப்பு அப்துல்லாவுக்கு உண்டு.

இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையை (1709–1761) நினைக்காமல் இருக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த அவரும் மொழி, வாணிகம், அரசியல், தூது எனப் பல பணிகளை ஒருங்கே ஆற்றியவர். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதினார். எழுத்து நுணுக்கத்தில் அவரை அப்துல்லாவுக்கு மேலானவர் என்றே இக்கட்டுரையாளர் கருதுவார். ஆனால் அந்நாட்குறிப்பு பிள்ளையின் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1846இல்தான் வெளியார் கவனத்துக்கு வந்தது. துபாஷிக்கு அதிகாரமும் செல்வமும் இருந்தன. எழுத்து அவருக்குத் தொழிலாக வேண்டிய தேவை எழவில்லை. அச்சகமும் அவர் கைக்கு எட்டவில்லை. எழுத்தைத் தவிர வேறு முதல் இல்லாத மலாக்கா முன்ஷி அதனை வெளியிட்டாக வேண்டியிருந்தது. வளமான பதவி ஒருவரின் எழுத்தைப் பெட்டிக்குள் வைத்தது. நிலையற்ற பிழைப்பு மற்றவரின் எழுத்தை வெளியே கொணர்ந்தது.

சார்பும் அதன் எல்லையும்

நூலாசிரியரானதால் அப்துல்லா பிறரைச் சார்ந்து வாழும் நிலையிலிருந்து விடுபட்டாரா? முழுவதும் விடுபடவில்லை. அச்சகம் மிஷனரிகளுடையது; நூலை வாங்கிப் பயன்படுத்தியவருள் மலாய் கற்க வந்த ஐரோப்பியர் முக்கியமானவர். மலாய் ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடிய அவர், ஆங்கிலேயரைப் பெரும்பாலும் மெச்சினார். பிற்கால மலாய்த் தேசியத் திறனாய்வாளர் அவரைப் பிரித்தானியரின் கையாள் என்றனர். அவருடைய பாராட்டுகளில் நன்றியும் உண்டு, பழக்கமும் உண்டு, பிழைப்பின் கட்டாயமும் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்பதும், எல்லாவற்றையும் மறந்து சீர்திருத்தச் செம்மல் என்பதும் ஒரே வகைப் பிழைகளே. தாம்சனின் பிடிவாதத்தையும், சில ஆங்கிலேயரின் ஆணவத்தையும் அவர் எழுதாமல் விடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அவரிடம் மலாய் கற்றவரும் சிங்கப்பூரின் நில அளவையாளருமான ஜான் டர்ன்புல் தாம்சன், 1874இல் அந்நூலின் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். (விவிலியம் பெயர்த்த தாம்சன் வேறு; இவர் வேறு.) தம் ஆசிரியரின் தோற்றத்தை வரைந்து காட்டும் அவர், மலாக்காத் தமிழரின் உடையிலேயே அப்துல்லாவைக் கண்டதாகக் குறிக்கிறார். மொழியால் மலாய்க்காரராக அறியப்பட்டவர், நடை உடையால் இறுதிவரை தம் தெருவின் பிள்ளையாகவே இருந்திருக்கிறார்.

மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசின் பணியில் சேர்ந்து உயர்ந்தார். தந்தையைப் போலவே பயண நூல் எழுதினார். தந்தைக்கு வாய்க்காத நிலையான அரசுப் பதவி மகனுக்கு வாய்த்தது. தந்தை ஒவ்வொரு துரையிடமும் புதிதாகத் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மகனுக்கு 'முன்ஷி' என்பது குடும்பப் பெயர் போலவே அமைந்துவிட்டது.

1854ஆம் ஆண்டில் அப்துல்லா ஹஜ் கடமையை நிறைவேற்றக் கப்பலேறினார். யாரும் அவரை அனுப்பவில்லை, கடிதம் ஏதும் கொண்டுசெல்லவில்லை, கூலியும் இல்லை. எனினும் துறை துறையாகக் குறிப்பெழுதிக்கொண்டே சென்றார். இலங்கையைக் கடந்த பின்னர், 'கம்ரி முனை' என்று அவர் குறிக்கும் குமரிமுனை அருகே புயலில் கப்பல் தத்தளித்ததை அச்சத்துடன் எழுதியுள்ளார். மூதாதையர் புறப்பட்ட தமிழ்க் கரைக்கு அவர் அவ்வளவு அருகில் வந்தது அந்த இரவில்தான். ஜித்தாவை அடைந்த சிறிது காலத்தில் அவர் மறைந்தார். அக்குறிப்புகள் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து, கீஸ்பரி நடத்திய இதழில் அச்சேறின.